கட்டைவிரல் சோதனை

2023 அக்டோபர் 29, ஞாயிறு, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கிள்ளானில் தூறல். என் மனைவியின் தம்பி நடத்திய ஆட்டிறைச்சிக் கடையில் நின்று, அவனுக்காக வாங்கி வந்த கத்தியின் உறையைப் பிரித்தேன்.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் எஃகின் கடினத்தை அளந்தவன் நான். வைரமுனையை எஃகில் அழுத்தி, அது இறங்கும் ஆழத்தை எண்ணாக்குவது என் வேலை. மைத்துனனின் பழைய கத்திகளின் கடினம் ஐம்பத்தாறு. அந்த எஃகில் விளிம்பு சீக்கிரம் மடங்கும், தீட்டினால் நிமிர்ந்துவிடும். அவனோ ஆறு மாதமாக ஒரே புலம்பல். "இப்ப வர்ற கத்தி எதுவுமே நிக்க மாட்டேங்குது மாமா. தீட்டித் தீட்டிக் கைதான் தேயுது." அதனால் அறுபத்திரண்டு கடினமுள்ளதாகத் தேடி வாங்கினேன். கூர் நெடுநாள் நிற்கும். எலும்பில் மட்டும் போடக்கூடாது. விளிம்பு சில்லாகத் தெறித்துவிடும்.

அவன் அதையும் தன் வழக்கப்படியே சோதித்தான். கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே தேய்ப்பான். கூர் இருந்தால் தோலைப் பற்றும், இல்லையென்றால் வழுக்கும்.

"இதுவும் வழுக்குது மாமா. கடைக்காரன் உங்க தலையில நல்லா மிளகா அரைச்சிட்டான்லா."

எனக்குக் கோபம் வந்தது. கத்தியை வாங்கி, நாளிதழ்த் தாளைத் தூக்கிப் பிடித்து மேலே வைத்தேன். ஓசையே இல்லாமல் தாள் இரண்டானது. வெட்டிய ஓரம் சிவந்திருந்தது.

"யாரு ரத்தம் மாமா அது?" என்று சிரித்தபடி கேட்டான்.

"உன் விரலைப் பாருடா."

கட்டைவிரல் ஆழமாக அறுபட்டு, வெட்டுக்கட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரை நோய் அவன் விரல்களின் உணர்ச்சியைத் தின்று தீர்த்திருந்தது. மொண்ணை என்று அவன் ஒதுக்கிவைத்த ஏழு கத்திகளையும் தாளில் போட்டுப் பார்த்தேன். ஏழும் அறுத்தன.

மருத்துவமனைக்கு வா என்று கெஞ்சினேன். "தீபாவளிக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. இப்ப கடைய மூடுனா வருசமே போச்சு. வலியே இல்ல மாமா, நீங்க வேற." பிளாஸ்டர் ஒட்டி, மேலே ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டான். வலிக்காததைப் புண் என்று அவன் நம்பவே இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் கையுறையைக் கழற்றியபோது விரல் கறுத்திருந்தது. மருத்துவமனையில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு மணிக்கட்டு வரை. சேர்த்த இருபத்திரண்டாம் நாள் இறந்துபோனான்.

அந்தக் கத்தி இப்போது பிரிக்பீல்ட்சில் என் வீட்டில் இருக்கிறது. ஒருமுறைகூடத் தீட்டவில்லை. ஞாயிறு காலைகளில் நாளிதழில் வைத்துப் பார்க்கிறேன். இன்னமும் ஓசையில்லாமல் இறங்குகிறது. கத்தி நானூற்று எண்பது ரிங்கிட். மருத்துவமனையில் கார் நிறுத்த நாளுக்கு மூன்று வீதம் அறுபத்தாறு. ஆக மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தாறு ரிங்கிட்.