பதின்மூன்றாம் ஸ்தலம்

சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலங்கள். பதின்மூன்றாவதில், சிலுவையிலிருந்து இறக்கிய மகனைத் தாய் மடியில் கிடத்திக்கொள்கிறாள். ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு இதைச் சொன்னவர், பத்திரிகை அலுவலகத்தில் என் எதிர் மேஜையில் இருபது வருடம் பிழை திருத்திய பெண்மணி. வீடு பொன்மலையில். ஒரே மகன் பைக் விபத்தில் போன பிறகு, இரண்டு வருடமாகப் பெரிய வெள்ளியன்று பன்னிரண்டாம் ஸ்தலத்தோடு கோயிலை விட்டு வெளியே வந்துவிடுகிறார் என்பதையும் அவரேதான் சொன்னார், விட்டுப்போன ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்டும் குரலில்.

மூன்றாவது வருடம், மகன் நினைவாகக் கோயிலுக்கு, மகனை மடியில் ஏந்திய வியாகுல மாதா சிலை ஒன்று செய்யச் சொல்லியிருந்தார்.

"சிலையைக் குடுத்தாலாவது அங்க நிக்க முடியுதான்னு பாக்கறேன் சார். போய்ப் பாக்கணும். நீங்களும் வாங்க. தப்பு ஏதாவது இருந்தா நீங்க சொல்லுங்க. என்னால உத்துப் பாக்க முடியாது."

பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. அரியமங்கலத்தில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்தச் சிலைக்கூடம். வாசலில் பூச்சுப் பூசாத சிங்க வாகனம், தலை வைக்காத ஒரு தலைவரின் மார்பளவுச் சிலை. பின்பக்கம் தார்ப்பாயால் மூடிய ஒன்று. கூடத்தின் சொந்தக்காரர் தார்ப்பாயை உருவினார்.

செய்தி எழுதுகிறவனின் பழக்க தோஷம், நான் முதலில் அளவுகளைத்தான் பார்த்தேன். மகன் ஆறடி. மடிக்குக் குறுக்கே கிடக்கிறான். வலது கை தொங்கி, நடுவிரல் தரையைத் தொடுகிறது. தாயின் ஒரு கை அவன் தோளுக்கு அடியில். விரல்கள் அழுந்திய இடத்தில் சதை லேசாக மேலெழுந்திருக்கிறது. இன்னொரு கை வெறுமனே விரிந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் எழுந்து நின்றால் எட்டடி இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். தப்பு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்த உயரம் இல்லாமல் வளர்ந்த ஆண்பிள்ளையை மடியில் தாங்க முடியாது. ஆனால் பார்க்கும்போது அந்த உயரம் தெரியவே இல்லை. அவன் பாரம் மட்டும்தான் தெரிந்தது. ஃபைபர், உள்ளே காலி என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் கைகள் கனத்தன.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். மகனின் கண்கள் திறந்திருந்தன. கறுப்பு விழி, ஓரத்தில் மெல்லிய செவ்வரி. குனிந்திருந்த தாயை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொந்தக்காரரும் அப்போதுதான் கவனித்தார். வர்ணம் பூசுகிறவரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ்! செத்தவருக்கு யாருய்யா கண்ணத் திறப்பாங்க?"

வர்ணக்காரர் ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் ஒற்றைத் திருமண். அசரவில்லை. "கண்ணு திறக்காம ஒரு சாமியையும் நான் வெளிய அனுப்பினதில்ல. நம்ம பெருமாளும் படுத்துண்டுதானே இருக்கார்? கண்ணு திறந்துதானே இருக்கு?"

"அவரு படுத்திருக்காரு. இவரு செத்துப்போயிட்டாருய்யா!"

"மூணாம் நாள் எழுந்துடுவார்னு நீதானேய்யா சொன்னே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால், என்னோடு வந்து அதுவரை வாசல் பக்கம் பார்த்து நின்றவர் சிலைக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். சொந்தக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. இப்பவே மாத்திடறோம்."

அவர் அந்தக் கண்களைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு," என்றார். "நான் மூடறேன்னு கையை நீட்டினேன். நீங்க வெளிய இருங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. யார் மூடினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

வர்ணக்காரர் பக்கம் திரும்பினார்.

"அந்த உடம்பு வர்ணத்தைக் கொஞ்சம் கலந்து குடுங்க."

வர்ணக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு கொட்டாங்கச்சியில் வர்ணத்தைக் கலந்து, பிரஷ்ஷோடு நீட்டினார். அந்த அம்மா பிரஷ்ஷை வாங்கவில்லை. வலது கட்டைவிரலை வர்ணத்தில் தோய்த்து, புருவத்துக்குக் கீழிருந்து மெதுவாக இழுத்தார். முதலில் வலது கண். பிறகு இடது. கறுப்பு முழுதாக மறையும்வரை நான்கைந்து முறை. அவசரப்படவே இல்லை. முடிந்ததும் வர்ணக்காரர் குனிந்து, முடியளவு மெல்லிய கோடாக இமைகளின் விளிம்பை எழுதினார். "மூடின கண்ணு எழுதறது எனக்கு இதான் முதல் தடவைம்மா," என்றார்.

முப்பது வருடத்தில் எத்தனையோ சாவுகளைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். அன்று அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று என்னால் ஒரு தலைப்புப் போட முடியவில்லை. நாங்கள் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணின் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றோம், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளி மதியம் நானும் போயிருந்தேன். கோயிலின் இடப்பக்கச் சுவரோரம் சிலையை வைத்திருந்தார்கள். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது: இமைகளின் நிறம் முகத்தைவிட ஒரு பூச்சு அடர்த்தி. இடது இமையில் விரல் ரேகை. தெரியாதவர்களுக்கு அது வர்ணத்தின் சுருக்கம்.

பன்னிரண்டாம் ஸ்தலம் முடிந்தது. வாசலைப் பார்த்தேன்; யாரும் வெளியே போகவில்லை. எல்லோரோடும் அவரும் சிலைக்கு முன்னால் முழந்தாளிட்டார். ஜெபம் முடிந்து கூட்டம் எழுந்து பதினான்காம் ஸ்தலத்துக்கு நகர்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.