என் ராஜத்தைப் பங்கு போட்ட ஸ்டெல்லா

செவ்வாய்க்கிழமை காலை ராஜம் போன் செய்து, "ஸ்டெல்லா போயிட்டாங்கடி" என்று அழுதாள். நர்ஸ் ஸ்டெல்லா அவர்கள் மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் ராஜத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, என்னை ஏன் கூப்பிடவில்லை என்றும் நினைத்தேன்.

ராஜமும் நானும் எடிசன் என்கிற அமெரிக்க ஊரில் எதிரெதிர் வீடு. இருவருக்கும் கார் ஓட்ட வராது. சனிக்கிழமைகளில் ரயிலேறி மன்ஹாட்டன் மியூசியத்துக்குப் போவோம். ஐரோப்பியப் படங்களின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கிற படிப்பு எனக்கில்லை. அதனால் கதையை நானே கட்டிவிடுவேன். காவலாளி முறைக்கும்வரை ராஜம் சிரிப்பாள்.

ஒரு வாரம், தன் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தூத்துக்குடிக்காரர் ஸ்டெல்லா அவர்களையும் ராஜம் அழைத்து வந்தாள். தங்கம் பூசிய பழங்காலப் படங்கள் உள்ள அறை. தட்டேந்தி நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, "பாரு ராஜம், குலாப் ஜாமூன் ரெண்டுதான் மிச்சம். பந்தி முடிஞ்சுபோச்சு" என்றேன்.

ஸ்டெல்லா அவர்கள் மெல்லச் சொன்னார்கள்: "அது கண்ணு, அக்கா. கடவுளுக்காகக் கண்ணையே குடுத்த புனிதை. எங்க கோயில்லயும் இருக்காங்க."

ராஜத்தின் சிரிப்பு நின்றது. "அப்படியா! அம்பு தைச்சு நிக்கிறாரே, அவரு யாரு? சாவி வெச்சிருக்கிறவரு?" அன்று முழுவதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பும் ரயிலிலும் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில். என் பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், தூங்கிக்கொண்டு.

அதன்பின் வாரத்துக்கு ஒரு நூற்றாண்டுப் படங்களாகத் தாண்டினோம். புனிதர்கள் குறைந்தார்கள். மீனும் பாதி உரித்த எலுமிச்சையும் கிடக்கும் சமையல்மேடைப் படங்கள் வந்தன. ஸ்டெல்லா அவர்கள் திருதிருவென விழித்தார்கள்.

"இனிமே என் ஏரியா, சிஸ்டர். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றேன்.

"அப்பாடா, சொல்லுங்கக்கா" என்று மனம்விட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஸ்டெல்லா அவர்கள் நோயில் விழுந்தார்கள். அது முற்றிய பிறகு ஒருமுறை மியூசியத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். சக்கர நாற்காலியை யார் தள்ளுவது என்று எனக்கும் ராஜத்துக்கும் வாசலிலேயே போட்டி.

"அக்கா தள்ளட்டும். ராஜம், நீங்க என் கையப் புடிச்சிட்டு வாங்க."

ஜெயித்துவிட்டேன் என்று தள்ளத் தொடங்கினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது: பாரம் எனக்கு, கை அவளுக்கு.

மீன் படத்தின் முன் நிறுத்தச் சொன்னார்கள். "சொல்லுங்கக்கா. மீனைப் போட்டது போட்டபடி சமைக்கிற அம்மா எங்க போச்சு?"

"மாடி வீட்டுக்கு ஒருத்தி புதுசா வந்து, இந்தம்மாவோட சிநேகிதியத் தள்ளிட்டுப் போயிட்டா. மீட்டுட்டு வரப் போயிருக்கு."

ராஜம் என்னைக் கிள்ளினாள். ஸ்டெல்லா அவர்கள் இருமல் வரும்வரை சிரித்தார்கள். பிறகு சொன்னார்கள்: "சண்டை போட வேண்டாம்னு சொல்லுங்கக்கா. புதுசா வந்தவ ரொம்ப நாள் இருக்க மாட்டா."

நான் நாற்காலியை அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

அடக்கத்தன்று சர்ச்சில் ராஜம் அப்படி அழுதாள். நான் போனால் இவள் இவ்வளவு அழுவாளா என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். சந்தேகந்தான்.

போய் வாருங்கள், சிஸ்டர். அங்கே நிற்கிற புனிதர்கள் அத்தனை பேரையும் பார்த்ததுமே உங்களுக்கு அடையாளம் தெரியும். எனக்கு ஒருவரையும் தெரியாது. நாங்கள் வரும்போது யார் யார் என்று நீங்களே சொல்லுங்கள், குறுக்கே பேசமாட்டேன். ராஜம் மட்டும் என் பக்கத்தில் நிற்கட்டும்.