அண்ணையின் வெயில்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நீங்களும் இதை நம்பப்போவதில்லை, தெரியும். சிரிப்பதென்றால் முடிவில் சிரியுங்கள்.

2000களின் நடுவில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற மலிவு வாடகைப் பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில் தனியாக இருந்தேன். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர், வெயில் எட்டியும் பார்க்காது. எனக்கென்று மிஞ்சியிருந்தவர் நோர்வேயில் அண்ணை ஒருவர்தான். மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வந்த கடல், அதைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், அவ்வளவுதான் அவருடைய ஊர். மீன் தொழிற்சாலையில் வேலை, ஊரில் ஒரே தமிழர். கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் தை கடைசியில்தான் திரும்புமாம். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்று பணிஸ், அதுதான் இனிப்பு பன், சாப்பிடுவார்களாம். வருடா வருடம் அன்று எனக்குப் போன் எடுப்பார். "டேய், வெயில் வந்திட்டுது." அந்த ஒரு வரிக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன்.

அந்த மார்கழியில், "இஞ்ச வாடா, ரெண்டு பேரும் ஒண்டா இருப்பம், தனிய ஏலாமக் கிடக்கு" என்றார். எனக்கு என்ன திமிரோ, "உந்த இருட்டுக் கிடங்குக்க ஆர் வருவான்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தையில் ஒரு ஞாயிறு மத்தியானம், வெளியே பனி கொட்டுகிறது, நான் சோறு போட்டுக்கொண்டு நிற்கிறேன், சுவரில் வெயில். சத்தியமாகச் சொல்கிறேன், மஞ்சள் வெயில், நாலு கட்டமாக, ஒரு மூலையில் பிடி உடைந்த கோப்பையின் நிழல். என் ஜன்னலோ ஒற்றைக் கண்ணாடி. அதே நேரம் போன் அடித்தது. அண்ணைதான் என்று மனம் சொன்னது. ரோசம் விடவில்லை, எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது, வெயிலும் போய்விட்டது.

மூன்று மணி போல அண்ணையின் பக்கத்து வீட்டுப் பெண் அழைத்தாள். வெள்ளிக்கிழமை வேலையிலேயே அண்ணை மாரடைப்பில் போய்விட்டாராம். மத்தியானமும் நீங்களா அழைத்தீர்கள் என்று கேட்டேன். இல்லை, இப்போதுதான் அவர் வீட்டைத் திறந்து உங்கள் நம்பரைத் தேடி எடுத்தேன் என்றாள். அங்கே வெயில் வந்துவிட்டதா என்றேன். இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றாள்.

செத்தவீட்டுக்குப் போனேன். அவள் சொன்ன அந்த நாலாம் நாள் அண்ணையின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபோது மலைக்கு மேலால் வெயில் வந்து சுவரில் விழுந்தது. நாலு கட்டம், மூலையில் ஜன்னலடிக் கோப்பையின் நிழல், பிடி இல்லை. குழறி அழுதேன்.

அப்போதுதான் கூட நின்ற பக்கத்து வீட்டுப் பெண் சாதாரணமாக ஒன்று சொன்னாள். பூட்டிக் கிடந்த வீட்டை அவள் திறந்தபோது போன் ரிசீவர் மேசையில் கிடந்ததாம். வெள்ளி காலையில் வைக்க மறந்திருப்பார் என்றாள்.

இப்போது ஆறு தாண்டி லவாலில் நல்ல வெயில் படுகிற வீடு. போன் ஒரு தரம் அடித்தாலே ஓடிப்போய் எடுத்துவிடுகிறேன். ஹலோ வருவதில்லை, "அண்ணை, வாறன்" என்றுதான் வாயில் வருகிறது.