உயிரோடு இருந்தவருக்கு ஒப்பாரி

அவரை மன்னித்துவிட்டாயா என்று யாராவது கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். ஜெராமுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த செம்பனைத் தோட்டத்தில் அவர் முதலில் கணக்கெழுதும் கிராணி, பிறகு மானேஜர். எங்கள் ஆள்தான், எங்கள் பாஷை பேசுகிறவர்தான். பள்ளிக்கூடம் போக என்னைத் தோட்டத்து லோரியில் ஏற்றிக்கொள்ளும்படி அப்பா கேட்டபோது, "இவ படிச்சு என்னா கிழிக்கப்போறா?" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னவர். நான் படித்தேன். கோலா குபு பாருவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். அவர் முன்னால் போய் நிற்க ஒரு நாள் வராதா என்று காத்திருந்ததை மறைக்கப்போவதில்லை.

தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த குடும்பங்களுக்கு மாற்றுவீடு தருவதாக வாயால் சொன்னார்களே தவிர எழுதித் தரவில்லை. எழுதித் தராமல் நகரமாட்டோம் என்றார்கள் எங்கள் ஜனங்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் ஆள் வைத்து லயத்துத் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். அறுபது தாண்டிய என் அம்மா பெரிய சாலையிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் சுமந்தாள். ஒரு நாள் வழுக்கி விழுந்தாள், வயிற்றில் இருந்தது போய்விட்டது.

நான் என் படிப்பைக் காட்டினேன். மலாயில் ஒரு மனு, ஆங்கிலத்தில் ஒரு மனு. இரண்டிலும் 'பணிவுடன்' என்று போட்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு வாரம் போயும் பதில் இல்லை. மனுவைப் படித்துக் காட்டச் சொன்னாள் அம்மா. கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பெண் விழுந்தது இதில் எங்கே என்றாள். அதெல்லாம் மனுவில் எழுதுகிற விஷயமில்லை என்றேன்.

"அப்ப அத எங்கதான் சொல்றது?"

எங்கே என்று அவளே முடிவு செய்தாள். லயத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் குரல் அம்மாவுடையது. மறுநாள் காலை பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தோட்ட ஆபீசுக்கு நடந்தார்கள். அபசகுனம், ஊர் சிரிக்கும், கேஸ் போடுவார்கள் என்று நான் பின்னாலேயே புலம்பிக்கொண்டு போனேன். யாரும் காதில் வாங்கவில்லை. வேதக்காரக் குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். மாதா கோயில் பாடற்குழுவில் பாடி நல்ல பயிற்சி, ராகத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மாலை வைத்தார்கள். சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஆரம்பித்தார்கள்.

"குழாயை அடைச்ச கையி
குளிர்ந்துபோய்க் கெடக்குதம்மா
லயத்தைக் காயவச்ச மகராசன்
நாக்கு வறண்டு போறாரம்மா"

அவர் சன்னலுக்கு வந்தார். பாஷை தெரியாதவர் என்றால் ஏதோ சத்தம் என்று கதவைச் சாத்தியிருப்பார். இவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஒவ்வொருத்தியும் அவர் தனக்குச் செய்ததைத் தன் அடியாகப் பாடினாள். விழுந்த பெண்ணின் முறை வந்தபோது அவள் பாடவில்லை, பெஞ்சை மட்டும் அறைந்தாள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த நான், லோரியைப் பற்றி ஒரு வரி பாடினேன். குரல் கேவலமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், யார் என்று தெரிந்துகொண்டார். அவர் முகம் செத்த அந்த நிமிஷத்தை யார் என்ன கொடுத்தாலும் நான் விற்கமாட்டேன்.

நிறுத்தச் சொல் என்று காவலாளியை விரட்டினார். நேப்பாளத்துப் பையன் அவன். சாவு வீடு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். போலீஸ்காரர் ஒருவர் வந்து, யார் இறந்தது என்று மலாயில் கேட்டார். அம்மா சன்னலைக் காட்டினாள். போலீஸ்காரர் சன்னலைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் சுங்கை சோ வரை போய்விட்டது. எங்கெங்கோ தோட்டத்தை விட்டுப் போனவர்களெல்லாம் தங்கள் மானேஜர்களுக்கும் அடி கட்டி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், விவரம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் என் மனுவுக்கு வேலை வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் வீட்டுக்கான கடிதம் முத்திரையோடு கைக்கு வந்தது. இப்போது அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். அவருடைய மகள் யாரிடமோ விசாரித்து அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். வெளியூரில் வளர்ந்த பெண், பழைய கதை தெரியாது போலிருக்கிறது. அப்பாவை எடுக்கும்முன் நாலு வரி முறையாக அழ ஆள் இல்லை, கார் அனுப்புகிறேன், வரவேண்டும் என்று கெஞ்சினாள். அம்மா முழுவதும் கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கப்பாவுக்கு நாங்க அழுது முடிச்சாச்சும்மா. அவரும் நின்னு கேட்டாரு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காக எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்காக இல்லை.