துண்டுக்கு மேலே சொல், கீழே விலை

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை வேலூர் லாங் பஜாரில் ஒரு பித்தளைச் சொம்பைக் கையில் எடுத்து, "இது இன்னா பெறும்ப்பா?" என்று கேட்டேன். கடைக்காரப் பிள்ளை சிரித்துவிட்டான்.

"பெறுமாவது! அட்டையில எழுதி ஒட்டியிருக்கு பாருங்கம்மா. ஒரே விலை."

அசட்டுத்தனமாகச் சொம்பைக் கீழே வைத்தேன். பக்கத்துக் கடையில் புதுச் செருப்புகளைச் சரம்சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலின் அந்த வாசனை அடித்ததும் நான் வேலூரில் இல்லை. பெரிய சண்டைக்கு முந்தின ஆம்பூரில், தோல் சந்தையில், மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சந்தையில்தான் எத்தனை சொற்கள்! நல்ல சரக்கு என்றால் 'தேறும்'. கேட்ட விலை குறைவு என்றால் 'பெறாது'. விற்கிறவருக்கு மிஞ்சி ஒன்றும் நிற்காது என்றால் 'கட்டாது'. எண்ணிப் பார்க்காமல் கட்டோடு சொன்னால் குத்துமதிப்பு. அதையே பாய்மார்கள் 'அந்தாஜ்' என்பார்கள். காலை முழுவதும் இந்தச் சொற்கள்தான் காதில் விழும். ஒரு எண்கூட விழாது. எண்ணெல்லாம் துண்டுக்கு அடியில்.

உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். விற்கிறவர் வலது கையை நீட்டுவார். வாங்குகிறவர் அதன்மேல் தம்முடைய துண்டைப் போட்டு, உள்ளே கையைவிட்டு விரல்களைப் பிடிப்பார். ஆட்டுத்தோலுக்கு முழு ரூபாய் என்பது எல்லாருக்கும் தெரிந்த அடிவிலை. அதற்கு மேல் எத்தனை அணா என்பதை விரல் சொல்லும். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டணா, முழுக் கையையும் பிடித்தால் ஐந்தணா. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தால் பேரம் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. தலையசைத்துவிட்டால் முடிந்தது, பிறகு பேச்சு மாறக்கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் ஒரு தோல் பதனிடும் மண்டியில், தோலில் ஒட்டிய சவ்வைக் கத்தியால் செதுக்கி எடுக்கும் வேலையில் இருந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம் கத்தி வழுக்கி, வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு போய்விட்டன. மண்டியில் இனி வேலை இல்லை என்றார்கள். என் கம்மலை விற்று, ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவி, சந்தைக்குக் கொண்டுவந்தோம். அதுவும் சரிப்படாவிட்டால் கோலார் தங்கவயலுக்குக் கூலியாகப் போவதென்று பேசி வைத்திருந்தோம். அங்கே போன என் சித்தப்பா திரும்பி வரவில்லை.

முதல் வாரம் பேரணாம்பட்டிலிருந்து வருகிற ஒரு பருத்த பாய் துண்டைப் போட்டார். இவர் தலையசைத்தார். எனக்குச் சந்தோஷம். பணம் கைக்கு வந்தபோது, ரூபாய்க்கு மேல் இவர் எதிர்பார்த்த ஐந்தணா இல்லை, மூன்றணாதான். அது நாங்கள் வாங்கின விலை. உப்பும் நடையும் வீண்.

"மூணையா புடிச்சாரு?" என்று வழியில் கேட்டேன்.

"முழுக் கையையும் புடிச்ச மாதிரிதான்மே இருந்துச்சு" என்றார். பிறகு, "அந்த ரெண்டும் இன்னும் இருக்குற மாதிரியே தோணுது" என்றார்.

என் கையில் பத்து விரலும் இருந்தன. ஆனால் பெண்பிள்ளை கை துண்டுக்குள் போகலாமா? இடது கையை நீட்டிப் பார்க்கலாம் என்றால், "இன்னாய்யா, பீச்சக்கைய நீட்றே?" என்று சண்டைக்கு வருவார்கள். விரல் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவோ இவர் ஒப்பவில்லை. மண்டியிலிருந்து தள்ளிவிட்ட ஆள் என்று தெரிந்தால் விலையை இறக்குவார்கள் என்ற பயம். எப்போதும் அந்தக் கையைத் துண்டால் சுற்றியே வைத்திருப்பார், வாங்குகிறவர் துண்டு விழும்போதுதான் அவிழ்ப்பார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வீட்டில் கிடந்த மெல்லிய தோல் துண்டுகளைச் சுருட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, இரண்டு விரல் தைத்தேன். யாராவது பிடித்தால் வார் இழுபட்டு இவருக்குத் தெரியட்டும் என்று, உள்ளங்கையில் ஒரு வாரைக் கட்டி அதில் அவற்றைச் செருகினேன். நகம் வைக்க முடியவில்லையே என்றுகூட வருத்தப்பட்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவு!

அடுத்த வாரம் அதே பாய் வந்தார். துண்டைப் போட்டார். கையை விட்டார். அடுத்த நிமிஷம், "யா அல்லா! விரல் கையோட வந்துடுச்சுடா!" என்று அலறித் துள்ளி எழுந்தார். துண்டு ஒரு பக்கம், பாயின் தொப்பி ஒரு பக்கம், நடுவில் என் தையல்.

சந்தையே திரண்டுவிட்டது. "இன்னா பாய், தோலோட ஆளையும் உரிச்சிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்கவே இல்லை. இவர் குனிந்த தலை நிமிரவில்லை. நான் மூட்டைக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். மறைந்தபடியே கோலாருக்கு எந்தப் பாத்திரங்களை எடுத்துப்போவது என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே அந்த விரலைப் பொறுக்கினார். பழக்கதோஷம், பயம் தெளிவதற்குள் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தோலு நல்லாத்தான் கீது. தையல் யாரு?"

"எங்க வூட்டுப் பொம்பளை."

பாய் இவருடைய கையைப் பார்த்தார். "அப்போ போன வாரம்?"

"அஞ்சுன்னு நெனச்சித்தான் தலையாட்டினேன் பாய்."

"மூணு விரலைப் புடிச்சா அஞ்சாயிடுமாய்யா?"

"எனக்கு அஞ்சும் இருக்குற மாதிரியே தெரியுது பாய். நான் இன்னா செய்ய?"

சிரிப்பு நின்றுவிட்டது. பாய் தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். "போன வாரம் போன வாரம்தான். அது முடிஞ்சிப்போச்சு" என்று கறாராகச் சொன்னார். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்தார். "கைய நீட்டு. வெறுங்கை."

துண்டு விழுந்தது.

"பெறுமா?"

"பெறாது பாய்."

"இப்போ?"

"கட்டாது பாய்." இவருக்கு இந்த அழுத்தம் எங்கிருந்து வந்ததோ!

"பேஜாரான ஆளுய்யா நீ. இப்போ?"

இவர் தலையசைத்தார்.

வழியில் நானாகக் கேட்கவில்லை. பாலாற்று மணலில் இறங்கின பிறகு அவரே சொன்னார். "மூணு விரலைப் புடிச்சாரு. பெறாதுன்னேன். மோதிரவிரல் இருந்த எடத்துல கட்டைவிரல வச்சி அழுத்தினாரு. கட்டாதுன்னேன். சுண்டுவிரல் இருந்த எடத்துலயும் அழுத்தினாரு. அங்கே இன்னும் சூடா கீதும்மே."

அதன்பின் சந்தை முழுவதும் அந்தக் கைக்கு அதுவே கணக்காயிற்று. புதிதாக வந்தவர்களுக்கும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். நாங்கள் கோலாருக்குப் போகவில்லை.

இப்போது விலை மதராஸிலிருந்து தந்தியில் வருகிறது. காகிதத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார்கள். ஏமாறுவது குறைந்திருக்கிறது, அது நல்லதுதான். துண்டு இன்று எல்லார் தோளிலும் சும்மா கிடக்கிறது. பருத்த பாய் இறந்து பல வருஷமாகிறது. நான் தைத்த விரல்களில் ஒன்றை அவர் திருப்பித் தரவேயில்லை. மற்றதைப் பெட்டியில் வைத்திருந்தேன், எலி தின்றுவிட்டது. சொம்பை மட்டும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன், அட்டையில் போட்ட விலைக்கே. வீட்டில் இவர் அதைத் தூக்கிப் பார்த்து, "பெறும்" என்றார்.

பாய் வெறுங்கையைப் பிடித்த அந்தச் சந்தைக்கு மறுநாள் மழை. வீட்டிலிருந்த உப்பு நனைந்துவிட்டது. வேறு உப்பு வாங்கிக்கொண்டு விரிஞ்சிபுரம் பக்கம் தோல் எடுக்கப் போனோம்.