ஜப்பான் சண்டைப் படமும் என் கள்ளக் கையெழுத்தும்

மைதாப் பசை புளித்த வாடை எங்கிருந்து வந்தாலும், ஓசூரின் ஒரு தகரக் கொட்டகையும், அதன் சுவரில் ஈரம் காயாமல் ஒட்டியிருந்த ஒரு ஜப்பான்காரனின் முகமும், கூடவே நான் செய்த குற்றமும் வரிசையாக எனக்கு நினைவுக்கு வந்துவிடும். குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, எங்கள் வீட்டில் குடியிருந்த ஒரு நல்ல மனிதரின் பெயரில் அவர் எழுதாத ஒன்றை எழுதி, அவருடைய கையெழுத்தையும் நானே போட்டேன். அதனால் அவருக்கு வேலை போயிற்று. செய்தது நான்தான் என்று ஐம்பது ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் பெயர் செண்பகராமன். ஓசூரில் முதன்முதலாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்தவர். இன்னும் வேலை நிரந்தரமாகாத டர்னர். தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா எங்கள் வீட்டின் முன்னறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவரையும் எங்களோடு சாப்பிட உட்காரவைப்பாள். சாப்பிடும்போது கம்பெனிக் கதைகளைச் சொல்வார். தங்கள் ஃபோர்மேனுக்கு அவர் வைத்திருந்த 'காண்டாமிருகம்' என்ற பெயரை அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னார். என் அக்கா புரையேறும்வரை சிரித்தாள்.

அந்த ஆண்டு, பள்ளிக்கூடம் அடைப்பதற்கு முன்பே கோடை தொடங்கியிருந்த நாட்களில்தான் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. அதன் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் 'ஜப்பான் சண்டப்படம்' என்றே சொன்னார்கள். தம்பியைக் கொன்ற ஐந்து பேரை ஒரு வாள்வீரன் தேடித் தேடி வெட்டுகிறான், கதை அவ்வளவுதான். அரைகுறை இங்கிலீஷில் பேசினார்கள், அது எங்களுக்குப் புரியவும் இல்லை, புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எடுத்தவர்களிடம் பணமே இல்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. எல்லாச் சண்டையும் ஒரே மூங்கில் தோப்பில்தான் நடக்கும். கடைசியில் ஐந்தாவது எதிரியைத் தேடிப் போனால், அவன் குடிசைக்குள் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருக்கும் கிழவன். வாளோடு வாசலில் நிற்பவனைப் பார்த்து அவன் பயப்படாமல் ஒரு கிண்ணம் சோற்றை முன்னால் நகர்த்துவான். வீரன் வாளை ஓங்குவான். அந்த இடத்தில் பிரிண்ட் அறுந்துபோயிருந்ததால் திரை வெள்ளையாகி, விளக்குகள் எரிந்துவிடும்.

வெட்டினானா இல்லையா என்று ஊரே சண்டை போட்டது. அதைப் பார்த்துத்தான் கொட்டகை மேனேஜர் ரங்கப்பாவுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் 'கருத்துப் பெட்டி' என்று எழுதி ஒரு மரப்பெட்டியை வைத்தார். பார்த்தவர்கள் எழுதிப் போடும் கருத்துகளில் ருசியானவற்றைப் பொறுக்கி, மாலைக் காட்சிக்கு முன்னால், பாட்டை நிறுத்திவிட்டு, கூரைமேல் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் பெயர் ஊரோடு படிப்பார். தமிழில் எழுதியதைத் தமிழிலும், கன்னடத்தையும் தெலுங்கையும் அந்தந்த மொழியிலும் படிப்பார். பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். தன் பெயர் வருகிறதா என்று டீக்கடைகளில் ஆட்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

சில இன்னும் எனக்கு மனப்பாடம். தேன்கனிக்கோட்டை விவசாயி ஒருவர், "எங்க ராகிக் கொல்லையில ஆனை பூந்தன்னிக்கு இவன் இருந்திருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும்" என்று எழுதியிருந்தார். ஒரு தொழிலாளி, "முதல் பாதியில் செத்த எட்டு அடியாட்களும் இரண்டாம் பாதியில் மீசை ஒட்டிக்கொண்டு வந்து மறுபடியும் சாகிறார்கள். ஒரே சம்பளத்தில் இரண்டு ஷிப்டு" என்று எழுதியிருந்தார். வளையல் விற்கும் தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி யாரிடமோ சொல்லி எழுதவைத்த வரிதான் ஊரை இரண்டாகப் பிரித்தது: "அன்னம் பெட்டினாடு கதா, எட்லா சம்புதாடு?" சோறு போட்டவனை எப்படிக் கொல்வான் என்று கேட்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் அந்தப் படத்தை மூன்றாவது முறையாகப் பகல் காட்சியில் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வாரவிடுமுறையில் கடைத்தெருவுக்கு வந்திருந்த செண்பகராமன் அண்ணன் எதிரில் நின்றார். அவர் கோபப்படவில்லை. "நாளைக்குள்ள நீயே அப்பாட்ட சொல்லிரு தம்பி. நீ சொல்லலைன்னா நான் சொல்லவேண்டி வரும்" என்று மட்டும் சொன்னார். என் அப்பா சினிமாவை வெறுப்பவர், எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குபவர். அவரிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. செண்பகராமனே ஒரு சினிமாப் பைத்தியம் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவர் பேச்சை அப்பா எப்படி நம்புவார் என்று என் புத்தி வேலை செய்தது. ஊருக்கு அவர் எழுதும் கடிதங்களைத் தபால் பெட்டியில் போடுவது என் வேலையாகையால், அவருடைய உருண்டை எழுத்தும், கடைசி எழுத்திலிருந்து வால்போல் இழுத்துவிடும் கையெழுத்தும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் எழுதியது இது: "இந்தப் படத்தை ஐந்து முறை பார்த்துவிட்டேன். அதில் இரண்டு முறை காய்ச்சல் என்று கம்பெனியில் பொய் சொல்லி லீவு போட்டேன். வெட்டு ஒவ்வொன்றும் அல்வாத் துண்டு. எங்கள் காண்டாமிருகத்தையும் ஒருநாள் அந்த மூங்கில் தோப்புக்குக் கூட்டிப்போக வேண்டும்." கீழே அவர் பெயர், கம்பெனி பெயர், கையெழுத்து. அன்றே அதைக் கருத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை ரங்கப்பா அதை நடிப்போடு படித்தார். ஷிப்டு முடிந்து வந்த கம்பெனி ஆட்கள் டீக்கடையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அந்தப் பெயரை அதுவரை கேள்விப்படாதவர்களுக்கும், பருத்த கழுத்தோடு நடுவில் நின்றிருந்த ஃபோர்மேனைப் பார்த்ததும் அது யாரென்று தெரிந்துவிட்டது. எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதிலிருந்தே காண்டாமிருகம் யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது. கொட்டகைக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த நாளே அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் எழுதல சார்" என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையெழுத்து உங்களுடையதுதானே என்று அப்பா கேட்டார். "என்னோடது மாதிரிதான் இருக்கு சார், அதான் எனக்கே வெளங்கல" என்றார். அப்பா தன் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்: "வாயால சொன்ன பொய் காத்துல போயிடும், எழுதுன பொய் ஃபைல்ல நிக்கும்." அது அண்ணனைப் பார்த்துச் சொன்னது. வலித்தது எனக்குத்தான், ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை.

டிரங்குப் பெட்டியோடு அவர் கிளம்பியபோது, நான் சினிமாவுக்குப் போனதைக் கடைசிவரை அவர் அப்பாவிடம் சொல்லவில்லை என்பதை உணர்ந்தேன். "ஒழுங்காப் பள்ளிக்கூடம் போகணும், என்ன?" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, அவரோடு ஒரே லேத்தில் வேலை பார்த்த முனியப்பா என்ற கன்னடக்காரர், கையில் ஒரு சைக்கிள் பம்போடு வாசலில் வந்து நின்றார். "செண்பகா இல்வா?" என்றார். ஊரைவிட்டே போய்விட்டார் என்று அம்மா சொன்னதும், நம்பாதவர்போல் முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, பம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடந்தார்.

பிறகு நான் படித்தேன். அரசுக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன், ஓய்வும் பெற்றேன். செண்பகராமன் அண்ணன் சிங்காரப்பேட்டையில் மாமா ஒருவரோடு சேர்ந்து பம்புசெட்டு பழுது பார்க்கிறார் என்பது இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரியும். ஒருமுறை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இந்தக் கோழைத்தனத்தையும் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

போன மாசியில் ஒரு பகல், கைபேசியில் எதையோ தேடப்போய் அந்த மூங்கில் தோப்பு கண்ணில் பட்டது. முழுப்படமும் இருந்தது, அறுந்துபோன கடைசித் துண்டும் இருந்தது. அதில் வீரன் ஒரு நொடிகூடத் தயங்காமல் கிழவனை வெட்டிவிடுகிறான், கிண்ணம் கவிழ்ந்து சோறு சிதறுகிறது, படம் முடிகிறது. கீழே எந்தெந்த நாட்டுக்காரர்களோ நூற்றுக்கணக்கில் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர், செத்த எட்டுப் பேரே திரும்ப வந்து சாவதை இங்கிலீஷில் கிண்டல் செய்திருந்தார். எங்கள் ஊர்த் தொழிலாளி ஐம்பது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று எழுத நினைத்து விரலை வைத்தவன், அப்படியே நிறுத்திவிட்டேன். இந்தப் படத்தைப் பற்றி நான் இதுவரை எழுதிய ஒரே கருத்தில் இன்னொருவர் பெயர் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அங்கே என் பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை சிங்காரப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

பட்டறையில் அவர் மகன் வேலை செய்துகொண்டிருக்க, அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துருப்பிடித்த நட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓசூர் குமாஸ்தா வீட்டுக் குமரேசன் என்றதும், "அடடே, தலையெல்லாம் பஞ்சாப் போச்சேடே!" என்று எழுந்து வந்தார். அந்த வரவேற்பு ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நட்டை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப, முனியப்பா இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"காண்டாமிருகம்ங்கற பேரு எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான தெரியும்? அவந்தான் என் எடத்துக்கு ஆசைப்பட்டு எழுதிட்டாம்னு இருந்தேன். அவன் போட்ட லெட்டரப் பிரிக்காமயே அடுப்புல போட்டேன்."

"எங்க வீட்ல ஒருநாள் சொன்னீங்கண்ணா, சாப்பிடறப்ப."

"உங்க வீட்ட நான் நெனச்சே பாக்கலயே தம்பி. சோறு போட்ட வீடுல்லா."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "மன்னிப்பெல்லாம் பெறகு பாப்போம். வேலை போனதுல எங்க அக்கா கல்யாணம் ரெண்டு வருசம் தள்ளிப்போச்சு, அது போவுது, அவளும் பேரன் பேத்தி எடுத்துட்டா. நீ எங்கூட முனியப்பாட்ட வந்து சொல்லு. அவன் இருக்கானோ இல்லையோ" என்றார். என்னை அனுப்புவதற்கு முன் சாப்பிடவைத்தார், ஆனால் என்னோடு பேசவில்லை.

முனியப்பா உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்த அந்த மூன்று நாட்களைப்போல என் வாழ்வில் நீளமான நாட்கள் வேறில்லை. கம்பெனியில் அவரோடு ஓய்வு பெற்ற ஒருவர், கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் அவர் கொத்தமல்லி பயிரிடுவதாகச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய அண்ணனை ஆட்டோவில் அழைத்துப்போனேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை இருக்கிறது. கூரைமேல் கூம்பு கட்டியிருந்த உயரத்தில் ஏசி எந்திரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவர் ஆட்டோவிலிருந்து குனிந்து பார்த்துவிட்டு, "ரங்கப்பா என்னமாப் படிச்சான், பாவி" என்றார். அன்று அவர் முகத்தில் கண்ட முதல் சிரிப்பு அது.

வரப்பில் நின்றிருந்த முனியப்பா எங்களை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏனோ செண்பகா, பம்பு கேக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

இரவல் வாங்கிய சைக்கிள் பம்பைத் தான் திருப்பித் தராத கோபத்தில்தான் நண்பன் சொல்லாமல் போய்விட்டான், கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று ஐம்பது ஆண்டுகளாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்! நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன், அப்படி இல்லை. முனியப்பா முதலில் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீனு ஓதினவன்தானே? வாத்தியார் வேற. ஓதினவன் பண்ற வேலையா இது? என் கல்யாணத்துக்கு இவன் வரலப்பா. என் ஹெண்டத்தி செத்தப்பவும் வரல. யாருக்குச் சொல்லி அனுப்பறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

மனைவி செத்த நாளைச் சொல்லிவிட்டு அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அண்ணன்தான் அவர் கையைப் பிடித்தார். "நானும் கேட்டிருக்கணும்டா. ஒரு வார்த்தை, நீயா எழுதுனேன்னு கேட்டிருக்கணும். தப்புல பாதி எனக்கு" என்றார். முனியப்பா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "சரி, பன்னி, ஊட்டா மாடி" என்று, வாருங்கள், சாப்பிடுங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லி எங்களைக் கூட்டிப்போனார். என்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்.

களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மூவரும் வேப்பமரத்தடியில் என் கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்தோம். கடைசி வெட்டு விழுந்ததும் முனியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தூ! இதுக்கா அம்பது வருஷம்? நம்ம கொட்டாயில அறுந்துபோன படமே ஒசத்தி" என்றார். அண்ணன், "எட்டுப் பேரு பதினாறு பேரு வேலையச் செஞ்சிருக்கானுவ. பாவம், அவனுவளையும் பெர்மனென்ட் பண்ணியிருக்க மாட்டான்" என்றார். மூவரும் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள். முனியப்பா சொன்னதை அவர் பெயரில் போட்டேன். எனக்கென்று ஒரு வரி எழுதி, முதல்முறையாக என் பெயரைப் போட்டேன். அண்ணன் சொன்னதையும் எழுதி முடித்துவிட்டு, "உங்க பேரப் போடட்டுமாண்ணா?" என்று கேட்டேன்.

"இங்க குடு" என்று கைபேசியை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் தள்ளிப் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"ம். இது நான் சொன்னதுதான். போடு" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.