ஓரகத்தி நாய்க்குப் போட்ட ஊசி

அறுபதுகளில் நானும் என் ஓரகத்தியும் ஒரே பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தோம். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஆளுக்கொன்றாக வளர்த்தோம். மூன்று மாதமானதும் அவள் என்னிடம் மூச்சுவிடாமல் அவிநாசி மாட்டாஸ்பத்திரிக்குப் போய், தன் குட்டிக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டுவந்தாள். அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்புப் பனியன் துணி வேறு! எனக்கு வயிறு எரிந்தது. மறுநாளே என் குட்டிக்கும் ஊசி போட்டு, அதைவிட அகலமாகத் துணி கட்டினேன். ஆறவில்லை. அடுத்த மாதமே மறுபடி தூக்கிப் போனேன்.

“வருசத்துக்கு ஒருக்காப் போட்டாப் போதுங்க” என்றார் டாக்டர்.

“அவ நாய்க்கு ஒண்ணுங்க. எம்பட நாய்க்கு ரெண்டாச்சும் வேணுங்க.”

“ஊசி நாய்க்குத்தானுங்களே?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருசம் பத்து நாள் முந்தியே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள்.